தேட்டமும் முதுசமும்: 'மிஸ்ஸியம்மா'வின் கதைக்கோப்புப் பற்றிய ஒரு நோக்கு

1

திரைப்படங்களைப் பற்றி நம்மிடையே எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இரு வகையின. வணிகச் சினிமா மக்களை மயக்குவது என்று கூறி அக்கூற்றுடனேயே அமைதியுறுவது ஒரு வகை. நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என்பவற்றைத் தனித்தனியே எடுத்துப் பாராட்டுவது மற்றொரு வகை. முன்னையது சமுதாய நோக்குடையதுபோலத் தோன்றினும், படத்தைப் பாராமலே எழுதத்தக்கது. பின்னையது படத்தைப் பார்த்து எழுதப்படுவதாயினும், அப்படம் எத்தகைய சமுதாயத்தில், யாருடைய விருப்பங்களுக்கிசைய ஆக்கப்பட்டது என்னும் வினாவை எழுப்பாதது. இவ்விரண்டுக்கும் இடையே செய்யவேண்டிய பணியொன்று உண்டு. ஒரு படத்தின் கதைக்கோப்பு எந்தச் சிக்கலை எழுப்புகிறது, எவ்வழியால் அதனை முடித்துவைக்கிறது, அம்முடிப்பினால் நன்மை பெறுவோர் யாவர், புறந்தள்ளப்படுவோர் யாவர் என்பவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்திக் காண்பதே அப்பணி. பேராசிரியர் க. கைலாசபதி தமிழ் நாவலுக்கும், பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் காட்டிச் சென்ற வழி இதுவே என்பர் அறிந்தோர்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது 1955ஆம் ஆண்டுத் தைப்பொங்கலையொட்டி வெளிவந்த 'மிஸ்ஸியம்மா'. குழந்தைப் பருவத்திலே காணாமற்போன மகளொருத்தி, தன்னையறியாமலே தன் பெற்றோரின் வீட்டுக்கு மீளும் கதை அது. அவ்வீடுதிரும்புதலை நகைச்சுவையாகக் கூறுகிறது. எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட படமொன்றை இன்று ஆராயப் புகுவதற்குக் காரணமாய் அமைந்தது குருநகரில் நாம் பெற்ற ஓர் அனுபவமாகும்.

குருநகர், யாழ்ப்பாண நகரின் தெற்கே கடனீரேரியை அணைத்துக் கிடக்கும் ஊர். முன்னாளில் கரையூர் எனப்பட்டது. மீன்பிடித் தொழிலும் கத்தோலிக்க சமயமும் அதன் வாழ்வை உருவாக்கிய இரு பெருங் கூறுகள். அங்குள்ள வீடொன்றில் ஒரு மாலைப்பொழுதில், மூன்று தலைமுறையினரோடு அமர்ந்து இப்படத்தை மீளவும் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இளையோர் தங்கவேலுவின் துப்பறியும் கோமாளித்தனத்துக்குச் சிரித்தனர். முதியோர் சாவித்திரியின் முகபாவங்களுக்குச் சிரித்தனர். படம் முடிந்து யாவரும் எழுந்தபோது, போர்க்காலத்தில் பிறர் பிள்ளையொன்றை எடுத்து வளர்த்த முதிய தாயொருவர் இருந்த இடத்திலிருந்தே இரு வினாக்களைக் கேட்டார்: “அப்ப உந்தப் பிள்ளை இனிப் பூசைக்குப் போகுமோ? வளர்த்த தாய் தேப்பன்ரை பாடு என்ன?”

இவ்விரு வினாக்களுக்கும் அங்கிருந்தோர் எவராலும் விடை கூற இயலவில்லை. படத்திலும் அவற்றுக்கு விடை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. ஒரு கதைக்கோப்பு எவ்வினாவுக்கு விடை கூறாது விடுகிறதோ, அவ்வினாவிலேயே அதன் சமுதாய உள்ளடக்கம் பெரும்பாலும் புதைந்து கிடக்கும். ஆதலின் அம்முதியவரின் வினாக்களையே நமது ஆய்வின் தொடக்கமாகக் கொள்கிறோம்.

2

விஜயா நிறுவனத்தாரான நாகிரெட்டி, சக்கரபாணி ஆகியோரின் தயாரிப்பாக, எல். வி. பிரசாத்தின் இயக்கத்தில், தமிழிலும் தெலுங்கிலும் ஒரே காலத்தில் உருவாகியது இப்படம். தெலுங்கில் அது 'மிஸ்ஸம்மா'. தமிழில் ஜெமினி கணேசன், சாவித்திரி, கே. ஏ. தங்கவேலு, எஸ். வி. ரங்காராவ், ஜமுனா, எம். என். நம்பியார் முதலியோர் நடித்தனர். தஞ்சை ராமையாதாசின் பாடல்களும் எஸ். ராஜேஸ்வரராவின் இசையும் படத்தின் புகழுக்குத் துணைநின்றன. 1957இல் ஏவி.எம். நிறுவனம் அதே இயக்குநரைக் கொண்டு இந்தியில் 'மிஸ் மேரி' என அதனை ஆக்கியது. மூன்று மொழிகளிலும் இக்கதை ஏற்கப்பட்டமையை நோக்குமிடத்து, அது முன்வைத்த தீர்வு ஒரு மொழியினரின் மனப்பாங்குக்கு மட்டும் உரியதன்று என்பது புலனாகும்.

கதையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். பாலுவும் மேரியும் பட்டதாரிகள், வேலையற்றவர்கள். மேரி கத்தோலிக்கப் பெண். அவளது குடும்பம் டேவிட் என்பவனிடம் கடன்பட்டிருக்கிறது. டேவிட் அக்கடனைக் காட்டி அவளை மணக்க முயல்கிறான். இந்நிலையில் கோபால் என்னும் ஜமீந்தார், காணாமற்போன தம் மூத்த மகள் மகாலட்சுமியின் பெயரால் நடத்தும் பாடசாலைக்கு, இருவரும் பட்டதாரிகளான கணவன் மனைவியரை ஆசிரியர்களாகத் தேடுகிறார். வேலை இருவருக்கும் வேண்டும்; வேலைக்குத் திருமணம் வேண்டும். ஆதலால் பாலுவும் மேரியும் இந்துத் தம்பதியராக நடித்து அவ்வூருக்குச் செல்கின்றனர். ஜமீந்தாரும் மனைவியும் மேரியை மகள்போல் நேசிக்கின்றனர். ஜமீந்தாரின் மருமகனான ராஜு துப்பறிவாளனாகத் தன்னை எண்ணிக்கொண்டு மகாலட்சுமியைத் தேடுகிறான். பாலு, ஜமீந்தாரின் இளைய மகள் சீதாவுக்கு இசை கற்பிக்க, மேரிக்குப் பொறாமை எழுகிறது. நடிப்பாகத் தொடங்கியது உண்மை அன்பாகிறது. இறுதியிலே, காலிலுள்ள மச்சம் முதலாய தடயங்களின் துணையால், மேரியே மகாலட்சுமி என்பது வெளிப்படுகிறது. மேரி பாலுவையும், சீதா ராஜுவையும் அடைகின்றனர்.

இக்கதைக்கு இரு வங்காள ஆக்கங்கள் மூலமாயின. ஒன்று ரவீந்திரநாத் மைத்ராவின் 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்னும் நாடகம். மற்றது சரதிந்து பந்தோபாத்யாயவின் 'டிடெக்டிவ்' என்னும் கதை. இவ்விணைப்பின் தடம் படத்தின் அமைப்பிலேயே தெரிகின்றது. அதில் ஓடுவன இரு கதையிழைகள். முதலாவது வேலை தேடுவோரின் கதை. வேலையின்மை, கடன், பொய், கூட்டுழைப்பு, அன்பு என்னும் வரிசையில் அது வளர்கிறது. இரண்டாவது மகளைத் தேடுவோரின் கதை. இழப்பு, ஐயம், தடயம், அடையாளங்காணல் என்னும் வரிசையில் அது வளர்கிறது. முதலிழையின் முடிச்சை இரண்டாம் இழை வந்து அவிழ்க்கின்றது. இதனையே நாம் இப்படத்தின் கதைக்கோப்பிலுள்ள அடிப்படைச் செய்தியாகக் கருதுகிறோம்.

3

நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் நோக்குவோம். நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். ராஜுவின் துப்பறிதலில் பேதைமையையும் மடனையும் காணலாம். பாலுவும் மேரியும் ஒருவரையொருவர் சீண்டும் காட்சிகளில் எள்ளலும் இளமையும் உள. ஆயினும் இந்நான்கினாலும் முற்ற விளக்கப்படாத ஒரு நகை இப்படத்தின் நடுப்பகுதி முழுவதிலும் பரவிக் கிடக்கின்றது. ஒரே வீட்டில் வாழும் இருவர், வெளியார் முன்னிலையில் ஒன்றாகவும் தனிமையில் வேறாகவும் நடந்துகொள்ளும்போது பிறக்கும் நகை அது. குடும்பம் என்பது இயற்கையானது, பிறப்போடு வருவது என நம்பும் சமுதாயத்தின் முன்னே, அது பயின்று நடிக்கத்தக்க ஒன்று என்று காட்டப்படுகிறது. பயின்று நடிக்கத்தக்கதாயின் அது மனிதரால் ஆக்கப்பட்டது. மனிதரால் ஆக்கப்பட்டதாயின் மாற்றத்தக்கதும் ஆகும். பார்வையாளர் இதனைச் சிந்தித்தறியாவிடினும் சிரித்தறிகின்றனர்.

இந்நடுப்பகுதியில் நிகழ்வன யாவை? இருவர் ஒரே பாடசாலையில் கற்பிக்கின்றனர். ஒரே நிலையில் நின்று ஊதியம் பெறுகின்றனர். மேரி பாலுவின் உழைப்பில் வாழ்பவள் அல்லள். தன் குடும்பத்தின் கடனைத் தீர்க்கத் தானே உழைப்பவள். அவள் தன் சமயத்தை விட்டுக் கொடுப்பவளும் அல்லள். மாதாவை நோக்கி அவள் பாடும் பாடல் படத்தின் சிறந்த பாடல்களுள் ஒன்று. இவ்வாறு வேறுபட்ட சமயத்தினரான இருவர் கூட்டுழைப்பினாலும் அன்றாடப் பிணக்கினாலும் பரிவினாலும் ஒரு வீட்டை உருவாக்குகின்றனர். அவ்வீடு பொய்யின்மேல் எழுந்தது என்பது உண்மையே. ஆயின் அப்பொய்யை அவர்கள்மேற் சுமத்தியது வேலைச் சந்தை. திருமணமாகாத பெண்ணுக்கும் ஆணுக்கும் அச்சந்தையில் இடம் இருந்திருப்பின் பொய்க்குத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு சொற்றொகுதி துணைபுரியக் கூடும். ஒல்லாந்தராட்சியில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமை, குடும்பத்தின் ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பகுத்தது. முன்னோரிடமிருந்து வருவது முதுசம். பெண்ணுக்குத் திருமணத்தோடு கொடுக்கப்படுவது சீதனம். மணவாழ்வின்போது தேடிச் சேர்ப்பது தேட்டம். இப்பகுப்பு ஆதனத்துக்கு உரியது. ஆயினும் மனித உறவுகளுக்கும் அதனை ஏற்றிக் காணலாம். சில உறவுகள் முதுசமாக வருவன. சில உறவுகள் தேட்டமாகச் சேர்வன. 'மிஸ்ஸியம்மா'வின் நடுப்பகுதி தேட்டத்தின் கதை. பாலுவும் மேரியும் தேடிக்கொண்ட உறவு அது. அதுபோன்றே, ஜமீந்தார் வீட்டாருக்கு மேரிமீது எழுந்த அன்பும் தேட்டமே. யார் மகள் என அறியாத நிலையில், அவளுடைய குணத்துக்காகவும் பணிக்காகவும் அவளை அவர்கள் நேசித்தனர். படத்தின் முடிவு இத்தேட்டம் முழுவதையும் முதுசம் எனப் பெயர் மாற்றிப் பதிந்துவிடுகிறது.

4

அடையாளங்காணல் என்னும் கதையுத்தி மிகப் பழையது. அரிஸ்டோட்டில் தமது கவிதையியலில் அதன் வகைகளை ஆராய்ந்தார். தழும்பு, அணிகலன் போன்ற குறிகளைக் கொண்டு ஆளை இனங்காணுதலைக் கலைத்திறம் குன்றியதென்றும், கதை நிகழ்ச்சிகளின் போக்கிலிருந்தே அது பிறப்பதைச் சிறந்ததென்றும் அவர் கொண்டார். காலிலுள்ள மச்சம் முதல் வகையைச் சார்ந்தது என்பது வெளிப்படை. ஆயின் கலைக்குறை என்று கூறி அப்பால் நகர்வது போதாது. அக்குறியை ஒரு கதை ஏன் நாடுகிறது என்பதே நாம் கேட்கவேண்டியது.

இதற்குக் கிரேக்க நகைச்சுவை நாடக வரலாறு ஒரு விளக்கம் தருகின்றது. கி.மு. 451இல் பெரிக்கிளிஸ் கொணர்ந்த சட்டத்தின்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்சுக் குடிகளாயிருந்தாலன்றி ஒருவர் குடியுரிமை பெறவியலாது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தின் பின்னர் எழுதிய மெனாண்டரின் நாடகங்களில், அயலவளாகவோ அடிமையாகவோ கருதப்படும் பெண்ணை ஓர் இளைஞன் விரும்புவான். மணம் இயலாது. இறுதியில், குழந்தைப் பருவத்தில் அவளோடு வைக்கப்பட்ட பொருள்கள் வெளிப்பட, அவள் குடிமகனொருவனின் மகளே என்பது தெரியவரும். மணம் நிகழும். சட்டம் அப்படியே இருக்கும். காதலரும் மகிழ்வர், சட்டத்துக்கும் ஊறு நேராது. குடியுரிமையைப் பிறப்போடு பிணைத்த சமுதாயமொன்று, அப்பிணைப்பினால் விளைந்த துன்பத்தைக் கலையில் தீர்த்துக்கொள்ளக் கண்ட வழி அதுவாகும். சட்டத்தால் அடைபட்ட வழியைத் தற்செயல் திறந்துவிட்டது.

'மிஸ்ஸியம்மா'வின் நிலையோ இதனின்று வேறானது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் திருமணச் சட்டத்தின் கீழ், இந்துவும் கிறித்தவரும் பதிவுமணம் செய்யவேண்டின் தத்தம் சமயத்தைச் சார்ந்தவரல்லர் எனக் கூறவேண்டியிருந்தது. 1954ஆம் ஆண்டின் விசேட திருமணச் சட்டம் அத்தடையை நீக்கியது. எவரும் தமது சமயத்தைத் துறவாமலே பிற சமயத்தவரை மணக்கலாம் என்னும் நிலை அச்சட்டத்தால் உண்டாயிற்று. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1955 ஜனவரி 1ஆம் திகதி. 'மிஸ்ஸியம்மா' திரைக்கு வந்தது அதே மாதத்தில். ஏதென்சில் சட்டம் அடைத்த வழியை நாடகத்தின் தற்செயல் திறந்தது. சென்னையிலே சட்டம் திறந்துவிட்ட வழியால் கதை செல்ல மறுத்து, தற்செயலைத் தேடிப் போயிற்று. பாலு என்னும் இந்துவும் மேரி என்னும் கத்தோலிக்கப் பெண்ணும் அவ்வாறே மணந்துகொள்வதற்குச் சட்டத்தில் தடை இருக்கவில்லை. தடை, சட்டத்துக்கு அப்பாலுள்ள சமுதாய உறவுகளில் இருந்தது. அத்தடையைக் கதை எதிர்கொள்ளவில்லை. அது இல்லாதவாறு மேரியின் பிறப்பையே மாற்றியமைத்தது. சட்டம் மாறுவதனால் மட்டும் சமுதாயப் பிரக்ஞை மாறிவிடுவதில்லை என்பதற்கு இதனைவிடத் தெளிவான திரைச்சான்று கிடைப்பது அரிது.

5

இனி, மகள் மீளும் வீடு எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். அது ஜமீந்தாரின் வீடு. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் நிறைவேறியது. படம் வெளிவந்த காலத்தில், வரலாற்றரங்கினின்று விலகிக்கொண்டிருந்த ஒரு வர்க்கத்தின் பிரதிநிதி கோபால். படத்தில் அவர் குடியானவரிடம் வாரம் தண்டுபவராகக் காட்டப்படுவதில்லை. கல்விக் கொடையாளராக, இழந்த மகளுக்காக ஏங்கும் தந்தையாக, வெள்ளையுள்ளம் படைத்தவராகக் காட்டப்படுகிறார். ரங்காராவின் பெருந்தன்மை வாய்ந்த நடிப்பு இவ்வுருவத்தை நாம் விரும்பி ஏற்கச் செய்கிறது. நிலத்தின்மீதான அதிகாரத்தை இழக்கும் வர்க்கம், கல்வியின்மீதும் குடும்பத்தின்மீதும் ஒழுக்க அதிகாரத்தைப் பெறுவதையே இதில் காண்கிறோம்.

எதிர்ப்புறத்தில் நிற்பவன் டேவிட். அவனும் மேரியின் சமயத்தவன், கடன் கொடுத்தவன், கடனைக் காட்டிப் பெண் கேட்பவன். பணத்தினால் வரும் கொடுமை முழுவதும் அவன் ஒருவன்மேல் ஏற்றப்படுகிறது. மேரியின் வளர்ப்புப் பெற்றோரோ கடனாளிகள். ஆகவே, மேரி தன் வீட்டுக்கு மீள்வது சமயம் மாறி மீள்வது மட்டுமன்று. கடனாளிகளின் வீட்டிலிருந்து உடைமையாளரின் வீட்டுக்கு மீள்வதுமாகும். கதையைத் தொடக்கிவைத்த வேலையின்மை இம்முடிவினால் தீரவில்லை. ஜமீந்தாரின் மகளுக்கு வேலை தேவைப்படாதபடி செய்யப்பட்டது, அவ்வளவே. அவளைப்போல் அக்காலத்தில் வேலை தேடி அலைந்த பட்டதாரிகளுள் எத்தனை பேருடைய காலில் மச்சம் இருந்திருக்கும்? குடும்பத்தின் வடிவத்துக்கும் தனியுடைமைக்குமுள்ள தொடர்பை ஏங்கல்ஸ் 1884இல் எழுதிய நூலில் விளக்கினார். இப்படத்தின் கடைசிக் காட்சிகள் அத்தொடர்பைச் சிரித்த முகத்தோடு நமக்குக் காட்டுகின்றன.

இவ்வாறு கூறுவதனால் இப்படத்தைப் பிற்போக்குப் படம் எனத் தள்ளிவிடுகிறோம் என யாரும் கருதவேண்டியதில்லை. அவ்வாறு தள்ளுதல் இயந்திரப் பாங்கான விமரிசனமாகும். படத்தின் நடுப்பகுதி எழுப்பும் உண்மை அதன் முடிவினால் முற்றாக அழிக்கப்படுவதில்லை. எழுபது ஆண்டுகளின் பின்னரும் மக்கள் நினைவில் நிற்பவை பாலுவும் மேரியும் சண்டையிடும் காட்சிகளும் நிலவில் பாடும் காட்சியுமேயன்றி, மச்சம் கண்டுபிடிக்கப்படும் காட்சியன்று. கலைஞர் தம்மையறியாமலே வாழ்க்கைக்கு உண்மையாயிருந்த பகுதியே நிலைபெறுகிறது.

நகைச்சுவைப் படத்துக்கு மகிழ்ச்சியான முடிவு வேண்டுமல்லவா, அதனை இவ்வளவு கடுமையாக ஆராய்தல் தகுமா எனச் சிலர் வினவக்கூடும். மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. யாருடைய மகிழ்ச்சி, எதனை விலையாகக் கொடுத்துப் பெற்ற மகிழ்ச்சி என்பதே நமது வினா. இதே உத்தியைக் கத்தோலிக்கர் ஒருவர் திருப்பி அமைத்து, இந்துவாக வளர்ந்த பெண்ணைக் கத்தோலிக்கராய்ப் பிறந்தவளெனக் காட்டி மணம் முடித்திருப்பினும் நமது கூற்று இதுவாகவே இருக்கும். நமது ஊர்களில், கலியாணத்துக்கென்று ஒருவர் சமயம் மாறியபின்னரே இரு வீட்டாரும் முகங்கொடுத்துப் பேசுவதை நாம் அறிவோம். சாதியைப் பொறுத்தவரையிலோ மாறுவதற்கும் வழியில்லை. அங்கு மச்சத்தைத் தேடுவோரின் கண் இன்னும் கூர்மையானது.

6

வீடுதிரும்புதலைக் கூறும் வேறு வகையான கதைக்கோப்பு எதுவும் நம்மிடம் இல்லையா? உண்டு. அதுவும் குருநகர், பாசையூர், நாவாந்துறை முதலாய கரையோரங்களில் கத்தோலிக்க மக்கள் வளர்த்த கூத்து மரபினுள்ளேயே உண்டு. அம்மரபில் ஆடப்பட்டுவந்த கதைகளுள் எஸ்தாக்கியார் கதை ஒன்று. றோமானியப் படைத்தலைவனான பிளாசிதன், வேட்டையின்போது மானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறி எஸ்தாக்கியாராகிறான். செல்வம் அழிகிறது. கடற்பயணத்தில் கப்பற்றலைவன் அவன் மனைவியைப் பறித்துக்கொள்கிறான். ஆற்றைக் கடக்கும்போது இரு புதல்வரையும் விலங்குகள் கவர்ந்து செல்கின்றன. ஆண்டுகள் பல கழிந்தபின் பேரரசன் அவனை மீண்டும் படைத்தலைமைக்கு அழைக்கிறான். வெவ்வேறு இடங்களில் வளர்ந்த புதல்வர் இருவரும் அவன் படையிலேயே வீரராகச் சேர்ந்திருக்கின்றனர்.

இங்கே அடையாளங்காணல் எவ்வாறு நிகழ்கிறது என்பது கவனித்தற்குரியது. படைவீரர் இருவரும் ஓரிடத்தில் இளைப்பாறியிருந்து, தத்தம் சிறுபருவத்தில் தமக்கு நேர்ந்ததை ஒருவருக்கொருவர் சொல்கின்றனர். சொல்லச் சொல்லத் தாம் உடன்பிறந்தோர் என்பதை அறிகின்றனர். அவ்விடத்தில் வாழும் பெண் அதனைக் கேட்டுத் தன் மக்களை இனங்காண்கிறாள். அவளே தாய். இங்கு மச்சமும் இல்லை, துப்பறிவாளனும் இல்லை. பட்ட துன்பத்தைச் சொல்லுதலும் அதனைக் கேட்டலுமே உறவை மீட்கின்றன. புதல்வரை விலங்குகளிடமிருந்து காத்து வளர்த்த எளிய மக்களின் கதையும் அச்சொல்லுதலின் ஓர் உறுப்பாகிறது. வளர்த்தோரைக் கூறாமல் தம் கதையை அவர்கள் கூறவே முடியாது. குடும்பம் ஒன்றுசேர்வதோடு கதை முடிவதுமில்லை. தேவர்களுக்குப் பலியிடப் பணிக்கப்படும்போது அக்குடும்பம் மறுத்து ஒன்றாக இறக்கிறது. பிறப்பினால் ஒன்றான குடும்பம், தான் தேர்ந்துகொண்ட நம்பிக்கையினால் மறுமுறையும் ஒன்றாகின்றது. அந்நம்பிக்கையின் உள்ளடக்கத்தை நாம் ஏற்கவேண்டும் என்பதில்லை. சமய இலக்கியத்தை உலகியல் நோக்கில் ஆராய்வோர், அதன் வடிவத்தில் உறைந்துள்ள மக்களனுபவத்தை மதித்தல் வேண்டும் என்பதே நமது கருத்து.

அவ்வனுபவம் கடற்றொழிலாளரின் அனுபவம். போனவர் மீள்வாரா என்பது கரையில் நின்று ஒவ்வொரு நாளும் கேட்கப்படும் வினா. 1986 ஜூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் குருநகரைச் சேர்ந்த தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். 1993 நவம்பர் 13ஆம் திகதி புனித யாகப்பர் ஆலயம் குண்டுவீச்சுக்கு இலக்காகி உயிர்கள் பறிபோயின. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே பெயர்ந்தபோது குருநகரும் பெயர்ந்தது. 1996இல் மக்கள் மெல்ல மீண்டனர். மீண்டோர் எல்லாரும் போனோர் அல்லர். போனோர் எல்லாரும் மீண்டாரும் அல்லர். பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பிறர் எடுத்து வளர்த்தனர். கடல்கடந்து சென்றோரின் பிள்ளைகள் வேற்று மொழிகளில் வளர்ந்தனர். யூலை மாதம் யாகப்பர் திருநாளை நினைந்து ஊர் திரும்புவோருள், இவ்வூரிற் பிறவாத பேரப்பிள்ளைகளும் வேற்றின, வேற்றுச் சமய வாழ்க்கைத் துணைவரும் உளர். இவர்களுள் ஊருக்கு உரியவர் யார்? யாரை எதனைக்கொண்டு இனங்காண்பது? 'மிஸ்ஸியம்மா'வின் முடிவு தரும் விடையை நாம் ஏற்பின், உறுதிப் பத்திரமும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் உடையோருக்கே வீடு திறக்கும். வளர்த்தவரும், வாழவந்தவரும், உழைத்துச் சேர்ந்தவரும் வாசலில் நிற்பர்.

குருநகரின் தொழில்மரபிலேயே இதற்கு மாற்றான நியாயம் ஒன்றுண்டு. பிடித்த மீன் விலையானதும் தோணிக்கும் வலைக்கும் ஆளுக்குமென்று பங்கு பிரிக்கப்படும். தோணியும் வலையும் சம்மாட்டியின் உடைமை. ஆதலின் அப்பங்கீட்டில் சமத்துவமில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ஆட்பங்கு, அன்று கடலுக்குப் போனவருக்கு உரியது. அவர் யார் மகன் என்பது அதற்கு அளவுகோலாவதில்லை. அதே பங்கு என்னும் சொல்லால் இவ்வூரவர் தம் கோயிற் சமூகத்தையும் சுட்டுகின்றனர். பங்கைச் சேர்ந்தவர் என்பதற்கு, உடனிருந்து உழைத்தவர் என்னும் பொருளையும் அச்சொல்லில் ஏற்றிக்காணல் தவறாகாது.

7

வேலையற்ற பட்டதாரிகளின் கதையாகத் தொடங்கி, இழந்த மகளின் கதையாக முடிவது 'மிஸ்ஸியம்மா'. இவ்விரண்டாம் கதை முதற்கதையை விழுங்கியமையாலேயே அது முடிவடைய முடிந்தது. முதற்கதை நம்மிடையே இன்னும் முடியவில்லை. 2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் வாரக்கணக்கில் அமர்ந்திருந்ததை நாம் கண்டோம். அவர்களைத் தேடி எந்த ஜமீந்தாரும் வரப்போவதில்லை. வரவேண்டும் என அவர்கள் கேட்கவுமில்லை.

அம்முதிய தாயின் வினாக்களுக்கு மீள்வோம். மேரி இனிப் பூசைக்குப் போவாளா என அவர் கேட்டது, சமயப்பற்றினால் மட்டும் அன்று என எண்ணுகிறோம். இத்தனை காலம் அவள் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பெறுமதி உண்டா என்பதே அவ்வினாவின் பொருள். வளர்த்தோரின் பாடு என்ன என அவர் கேட்டது, தாம் செய்த உழைப்புக்கு உறவு என்னும் பெயர் உண்டா எனக் கேட்டதாகும். மகாலட்சுமியை ஏற்றுக்கொள்ளும் வீடு மேரியையும் மேரியாகவே ஏற்றிருப்பின், படம் இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறியிருக்கும், நகைச்சுவையும் குறைந்திராது. அத்தகைய கதைக்கோப்பை எழுதும் பொறுப்பு இன்றைய எழுத்தாளரைச் சார்ந்தது. அதனைக் கேட்டுப் பெறும் பொறுப்பு விமரிசகரைச் சார்ந்தது.

அன்று அவர் கேட்டபோது, அவர் எடுத்து வளர்த்த மகன் அருகே நின்றான். இப்போது நடுவயதினன், கடற்றொழிலாளி. “எணை, நேரம் போட்டுது, எழும்பு” என்று கூறி அவர் கையைப் பிடித்து எழுப்பினான். அவ்வீட்டில் எவரும் மச்சம் தேடியதில்லை.